இந்து நாகரிகப் பட்டத்துக்குப் பின் ஏ.ஏ.ரி. வகுப்பு: ஒரு மதிப்பீடு

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் பயின்று, இந்து நாகரிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்றுத் திருகோணமலைக்குத் திரும்பினேன். அரச நியமனத்துக்காகக் காத்திருப்பதா, வீட்டாரின் பணத்தை மேலும் செலவழித்து ஒரு தொழில்சார் சான்றிதழ் பெறுவதா என்பதை முடிவுசெய்யவே எனக்கு மூன்று ஆண்டுகள் சென்றுவிட்டன. 2020ஆம் ஆண்டில் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பட்டதாரிப் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்ட மூத்த அணியினரைப் பார்த்து, எமக்கும் அத்தகைய அழைப்பு வரும் என்று நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை தளர்ந்த பின்னர் நான் இரண்டு கற்கைநெறிகளுக்குப் பணம் கட்டினேன். ஒன்று வீணாயிற்று, மற்றொன்றால்தான் இன்று தொழில் செய்கிறேன்.

வீணானது, நகரிலுள்ள ஒரு தனியார் நிலையத்தின் ஆறுமாத மனிதவள முகாமைத்துவ டிப்ளோமா. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவுச் சான்றிதழ் அங்கே சுவரில் சட்டமிட்டுத் தொங்கியதைக் கண்டு, கற்கைநெறிக்கும் அங்கீகாரம் உண்டென்று எண்ணிவிட்டேன். நிலையம் பதிவுபெறுவது வேறு, அதில் நடக்கும் ஒவ்வொரு கற்கைநெறியும் தரச்சான்று பெறுவது வேறு என்பதையும், தேசிய தொழிற் தகைமை மட்டம் எதுவும் குறிப்பிடப்படாத டிப்ளோமாவை அந்த நிலையத்தைத் தவிர வேறெவரும் பொறுப்பேற்பதில்லை என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். கற்பித்தவர்களே வினாத்தாள் தயாரித்தார்கள், அவர்களே திருத்தினார்கள், அவர்களே அச்சிட்டுத் தந்தார்கள். நேர்முகத் தேர்வொன்றில் அந்தத் தாளை ஒருமுறை பார்த்து ஒதுக்கிவைத்த முகாமையாளர், என் பட்டத்தைப் பற்றி மட்டுமே கேள்வி கேட்டார்.

பயன்பட்டது, மத்திய வீதிக்கு அருகில் ஒரு கடையின் மேல்மாடியில் வார இறுதிகளில் நடக்கும் ஏ.ஏ.ரி. (AAT) எனும் கணக்கீட்டுத் தகைமைக்கான வகுப்பு. இங்கே கற்பிப்பவர் ஒருவர், பரீட்சை நடத்துவது கொழும்பிலுள்ள இலங்கை கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர்கள் கழகம். மாணவரைச் சித்தியடையச் செய்யும் அதிகாரம் ஆசிரியரிடம் இல்லாததாலேயே அவருடைய உழைப்பு முழுவதும் கற்பித்தலுக்குச் செல்கிறது. தமிழ் மொழியிலேயே பரீட்சை எழுதலாம் என்பது கலைத்துறையிலிருந்து வரும் எம்மைப் போன்றோருக்குப் பெரிய ஆறுதல்.

முதல் இரண்டு மாதங்கள் மிகக் கடினமாக இருந்தன. வரவு என்றால் கைக்கு வருவது, செலவு என்றால் கையை விட்டுப் போவது என்று பிறந்தது முதல் பழகிய ஒருத்திக்கு, சம்பளச் செலவைக் கணக்கேட்டின் வரவுப் (debit) பக்கத்தில் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? உயர்தரத்தில் வணிகம் படித்த பிள்ளைகள் கேள்வியின்றி எழுதிக்கொண்டு போக, நான் எழுந்து காரணம் கேட்டேன். ஆசிரியர் பாடத்தை நிறுத்தி, உப்புவெளியில் ஒரு சிறு விடுதி தொடங்குவதாக வைத்துக்கொண்டு, கட்டில் வாங்குவது முதல் சமையற்காரருக்குச் சம்பளம் கொடுப்பது வரை ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு கணக்கில் வரவு, மற்றொன்றில் செலவு என இரட்டைப்பதிவாகப் பலகையில் எழுதிக் காட்டினார். எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் திரட்டிச் சரிபார்க்கும் பரீட்சை மீதி இரு பக்கமும் சமப்பட்ட அந்தப் பிற்பகலில்தான் இந்தப் பாடம் எனக்கும் வசப்படும் என்று நம்பினேன். நீண்ட நூல்களைப் பொறுமையாக வாசிக்கும் பழக்கத்தைத் தந்த என் பட்டமும், வணிகச் சட்டம் படித்தபோது துணைநின்றது என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. நாற்பது பேருக்கு அந்த அறை போதாது. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து கொடுத்தால் திருத்திக் கிடைக்க வாரக்கணக்காகும். கணினியில் கணக்கு வைக்கும் மென்பொருட் பயிற்சி இல்லவே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் நிறுவனத்தின் காசேட்டை வங்கிக் கூற்றோடு ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைக் கையால் பிழையின்றித் தயாரித்த நான், அதையே கணினியில் செய்யத் தெரியாமல் நின்றேன். பரீட்சைகளில் சித்தியடைந்தாலும் நடைமுறைப் பயிற்சி முடியும் வரை கழகத்தின் முழு அங்கத்துவம் கிடைக்காது என்பதையும் சேரும்போதே விளக்கியிருக்கலாம்.

ஆசிரியராவதே நோக்கமாக இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. ஆனால் ஊரை விட்டுப் போக முடியாமல், சீனன்குடா ஆலைகளிலோ நிலாவெளி விடுதிகளிலோ கணக்குப் பிரிவில் வேலை தேட எண்ணும் கலைப் பட்டதாரிகளுக்கு, ஓரிரு ஆண்டுகளைக் கொடுக்க முடியுமாயின், இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். முதல் நாளே முழுப் பணத்தையும் கட்ட வேண்டாம். பின்வரிசையில் இரண்டு வகுப்புகள் இருந்து பார்க்க இங்கே அனுமதிக்கிறார்கள்.