1:24 அம்பாசடருக்குக் கதவுக் கீல்: நான்கு கதவு, நான்கு விதம், மூன்று வருடம்

இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். கண்ணாடி அலமாரிக்குள் வைத்த மாடல் காருக்கும் அந்த ஈரம் போய்ச் சேர்ந்துவிடும். கீல் செய்து முடித்த அன்று எல்லாக் கதவும் அழகாகத்தான் திறக்கும். இரண்டு மழை தாண்டினால்தான் எது கீல், எது கம்பித்துண்டு என்று தெரியும். இங்கே சொல்வது 1:24, அதாவது நிஜத்தில் 24ல் ஒரு பங்கு அளவுள்ள ஒரே அம்பாசடர் மாடலின் நான்கு கதவில் நான்கு விதக் கீல் போட்டு, மூன்று வருடம் திறந்து மூடிப் பார்த்த கணக்கு.

முதல் மூன்றிலும் குழாய் காரின் தூணில் ஒட்டியிருக்கும், கம்பி கதவோடு சுழலும். முன் வலது கதவில் 18 கேஜ் ஊசிக்குழாய் (மருந்து ஏற்றும் ஊசியின் குழாய்), உள்ளே 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. முன் இடதில் 1/16 அங்குலப் பித்தளைக் குழாய், அதே கம்பி. பின் வலதில் அதே பித்தளைக் குழாய், உள்ளே 0.8 மி.மீ. எஃகுக் கம்பி. பின் இடதில் 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டைச் சுருட்டி, வீட்டுக் கதவில் இருப்பதுபோல் இரண்டு இலையும் நடுவில் முள்ளும் வைத்த கீல். கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக் கடையில், மலையாளத்தில் ‘விஜாகிரி’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதன் குட்டி வடிவம்.

இன்று முன் வலது கதவு முதல்நாள் போலவே இருக்கிறது. முன் இடது கொஞ்சம் தொங்குகிறது. பின் வலது முதல் மழைக்காலத்திலேயே இறுகிவிட்டது. துரு ஏறிய கம்பி குழாய்க்குள் பருத்துப் பிடித்துக்கொண்டது, பலமாகத் திறந்ததில் பசை விட்டது. பின் இடது பார்க்க அழகு, ஆனால் இந்தக் காருக்குப் பொருந்தாது. கீல் வெளியே தெரிகிற ஜீப்புக்கோ லாரிக்கோ அதை வைத்துக்கொள்ளலாம். அம்பாசடரில் கீல் வெளியே தெரியாது.

ஊசிக்குழாய் ஏன் நின்றது என்பதற்குக் கணக்கே போதும். 18 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.84 மி.மீ. அதில் 0.8 கம்பி போட்டால் ஆட்டம் 0.04தான். 1/16 பித்தளைக் குழாயின் உள்விட்டம் சுமார் 0.88, ஆட்டம் 0.08. இந்த ஆட்டத்தைக் கதவின் நீளத்தால் பெருக்கிக் குழாயின் நீளத்தால் வகுத்தால், கதவின் பின்நுனி எவ்வளவு தொங்கும் என்று கிடைக்கும். கதவு 40 மி.மீ., குழாய் 10 மி.மீ. என்றால் ஊசியில் 0.16 மி.மீ. தொங்கல், பித்தளையில் 0.32. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இடுக்கே 0.35 மி.மீ. வைக்கிற இடத்தில் 0.32 தொங்கினால் கதவின் அடி உடம்பில் உரசும். பித்தளைக் குழாய்தான் கையில் இருக்கிறது என்றால் அதை 20 மி.மீ. நீளத்துக்கு வைத்துவிடுங்கள், கணக்கு சமமாகிவிடும். முன்தூண் அடியில் அவ்வளவு உயரம் பெரும்பாலும் கிடைக்கும்.

மருந்துக்கடையில் 18 கேஜ் ஊசிக்கு அடிப்பிடி இளஞ்சிவப்பு நிறம். புதிய ஊசியையே வாங்குங்கள். ஒன்றரை அங்குல ஊசியில் 10 மி.மீ. துண்டு மூன்று வரும். கூர்முனையை முதலில் அரத்தால் கீறி ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. கட்டரால் வெட்டினால் குழாய் வாய் நசுங்கிவிடும். முக்கோண அரத்தின் விளிம்பில் வைத்து உருட்டி, சுற்றிலும் கீறல் விழுந்ததும் குறடால் ஒடிக்க வேண்டும். பிறகு உள்வாயில் நிற்கும் பிசிறைத் தையல் ஊசியால் எடுக்கவும். கம்பி இறுக்கமாக நுழைந்தால் கொஞ்சம் பிராசோ (பித்தளை பாலீஷ்) தடவி இருபது முப்பது தடவை இழுத்து விட்டால் வழவழப்பாகும். கம்பி பருமனாக இருந்தால், நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிற பட்டறைகளில் கம்பி இழுக்கும் அச்சு இருக்கும். அதன் ஒரு துளை வழியே இழுத்துக் கொடுத்தால் கம்பி நேராகவும் ஆகிவிடும்.

குழாயும் கம்பியும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அச்சு, அதாவது கதவு சுழலும் மையக்கோடு, தவறான இடத்தில் இருந்தால் கதவு திறக்காது. பலரும் கதவு விளிம்புக்கு நேர் உள்ளே குழாயை ஒட்டிவிட்டு, மட்கார்டில் இடிக்கிறதே என்று விளிம்பைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். தேய்த்துத் தீராது. கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு வெளியே வருவதோடு முன்னாலும் நகர்கிறது. அச்சு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவுக்கு விளிம்பு வெளியே வரும். எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்கு முன்னால் போய் இடிக்கும். ஆகவே முன்தள்ளல் உள்தள்ளலைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். முன் வலது கதவில் இடுக்குக் கோட்டிலிருந்து 4 மி.மீ. முன்னால், வெளித்தோலிலிருந்து 2.5 மி.மீ. உள்ளே. மட்கார்டின் பின்விளிம்பை உள்பக்கம் சாய்வாகச் சீவி அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 0.35 இடுக்கில் உரசாமல் வெளியே வந்துவிடும்.

இனி கம்பிக் கை, அதாவது குழாயிலிருந்து வெளியே வந்து வளைந்து கதவைப் பிடிக்கிற கம்பி முனை. அச்சு மட்கார்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், கை நேராகக் கதவுக்குப் போனால் மட்கார்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். வாத்துக் கழுத்துப்போல் உள்ளே வளைந்து, பிறகு கதவுக்குத் திரும்ப வேண்டும். மேலே சொன்ன அளவுக்குக் கதவை 65 பாகை திறக்க, அந்த வளைவு அச்சிலிருந்து 4 மி.மீ. உள்ளே இறங்கினால் போதும். 90 பாகை வேண்டுமானால் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நிஜக் கார்க் கதவு அவ்வளவு திறப்பதில்லை என்பதால் 65 போதும். அந்த 65 பாகைக்கே தோலிலிருந்து 6.5 மி.மீ. வரை கம்பி உள்ளே வரும். டேஷ்போர்டின் இரண்டு ஓரத்தையும் அந்த அளவுக்கு முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். வண்ணம் அடித்த பிறகு இது ஞாபகம் வந்தால் பாவம்.

இந்த எண்கள் எல்லாம் உடம்பு உண்மையாகவே 1:24 என்றால்தான் பொருந்தும். அம்பாசடரின் முன்பின் சக்கர அச்சு இடைவெளி 2464 மி.மீ.; 1:24ல் 102.7 வர வேண்டும். பொம்மைக் கார் உடம்பை எடுத்து வேலை செய்கிறவர்கள் இதை முதலில் அளந்து பாருங்கள்.

கதவை வெட்ட, பிளேடின் கூர்ப்பக்கம் வேண்டாம், முதுகுப்பக்கம். இடுக்குக் கோட்டிலேயே லேசாக முப்பது நாற்பது தடவை கீறினால் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வரும். மூலைகளில் மட்டும் தட்டார் ரம்பம், 4/0 எண் மெல்லிய அலகு. வெட்டின இழப்பை 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி ஈடுசெய்யலாம். பிரைமர், வண்ணம், வார்னிஷ் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு விளிம்பிலும் 0.1 மி.மீ.க்கு மேல் ஏறும். வெறும் பிளாஸ்டிக்கில் இடுக்கு 0.6 இருந்தால்தான் முடிவில் 0.35 நிற்கும்.

கம்பியைக் குழாய்க்குள் விட்ட பிறகுதான் இரண்டு முனையையும் வளைக்க வேண்டும். வளைகிற இடத்தை மட்டும் மெழுகுவர்த்தியைவிடச் சூடான சுடரில், லைட்டர் டார்ச்சில், மங்கிய சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடாது. குழாய்க்குள் இருக்கும் பகுதி கடினமாகவே இருக்கட்டும். இரண்டு கையும் ஒரே கம்பியின் இரண்டு முனை என்பதால் மேல் கீல், கீழ்க் கீல் என்று அச்சு பிசகும் பேச்சே இல்லை. கதவின் உள்பக்கம் 6 மி.மீ. நீளத்தில் இரண்டு பித்தளைக் குழாய்த் துண்டுகளை ஒட்டி, கையின் நுனி அதற்குள் செருகும்படி வைத்தால், வண்ணம் அடிக்கும்போது கதவைக் கழற்றிவிடலாம்.

ஒட்டுவதற்கு எபாக்ஸி, இரண்டு பொருளைக் கலந்து போடும் பசை. சூப்பர் க்ளூ புட்டுப்போல் பொலபொலத்து விடும், ஈரக் காற்றில் வெள்ளையாகவும் பூக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழாய் வாய்க்குள் ஓடிக் கீலையே ஒட்டிவிடும். எபாக்ஸி போடும்போதும் குழாயின் இரண்டு வாயிலும் துளி வாசலின் வைப்பது நல்லது. ஊசிக்குழாய் எவர்சில்வர் என்பதால் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது; வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எபாக்ஸியிலேயே நிறுத்துங்கள். பின் இடது கதவின் தகட்டுக் கீலுக்கு ஈயப்பற்று வைத்தது. ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கத் தடவும் பொருள்) சரியாகக் கழுவாத ஒரு மூலையில் ஐப்பசிக்குள் பச்சைக் களிம்பு பூத்து, வண்ணத்தைத் தூக்கிவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்து இரண்டு தடவை தேய்த்திருந்தால் வந்திருக்காது.

எண்ணெய் எதுவும் வேண்டாம். ஊர்ந்து வந்து வண்ணத்தில் வட்டம் போடும். 2பி பென்சில் தூள் போதும். கதவு நின்ற இடத்தில் நிற்க, குழாய்க்குள் போகும் கம்பியை நடுவில் பார்வைக்குத் தெரியாத அளவு வளைத்தால் தேவையான பிடிப்பு வரும். மூடிய நிலையில் பிடிக்க 2×1 மி.மீ. நியோடிமியம் காந்தம் வைத்தோம். மேல்பூச்சு சுரண்டுப்பட்ட ஒன்று துருப்பிடித்து உப்பிவிட்டது. காந்தத்தைச் சுரண்டாமல், எபாக்ஸியால் முழுக்க மூடிவிடுங்கள். எனாமல் வண்ணம் என்றால் முதல் ஒரு மாதம் கதவை ஒரு கடுகளவு திறந்தே வைக்க வேண்டும். இல்லையென்றால் விளிம்போடு விளிம்பு ஒட்டி, திறக்கும்போது தோல் உரியும்.

பின்கதவுக்கு முன்கதவின் அளவு செல்லாது. நடுத்தூணில் 4 மி.மீ. முன்னால் போக இடமில்லை. 2 மி.மீ. முன்னால், 1.2 உள்ளே என்று குறைத்து, 50 பாகையோடு நிறுத்திக்கொள்ளலாம். பின் வலது கதவில் துருப்பிடித்த கீலை இப்போது அந்த அளவிலேயே ஊசிக்குழாய் வைத்து மாற்றியாயிற்று. பழைய குழாயை எடுக்கச் சூடான ஈயப்பற்றுக் கோலின் முனையைக் குழாயில் ஐந்து வினாடி வைத்தால் எபாக்ஸி இளகிவிடும். அதற்கு மேல் வைத்தால் தூணும் சேர்ந்து இளகும்.