கேன்சருக்கு 'சர்க்கரை தடுப்பூசி' பேக்கேஜ், கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு கிளினிக்: 5 ஸ்டாருக்கு 1

எங்க அக்காவுக்கு மார்புல வந்த கேன்சர் எலும்பு வரைக்கும் போயிடுச்சு, நாலாவது ஸ்டேஜ். வாட்ஸ்அப்ல வந்த விளம்பரத்த பாத்துட்டு அவங்களே ஆசைப்பட்டு கேட்டாங்க, அதான் போன வாரம் கேஎல்ல அந்த பிரைவேட் கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன். பேரு போடல, ஆனா இதே விளம்பரம் உங்க வீட்டுக்கும் வந்திருக்கும்.

இடம் சுத்தம், காக்க வைக்கல, அதுக்குத்தான் அந்த ஒரு ஸ்டார். உள்ள போனதும் ஒரு பொண்ணு லேமினேட் பண்ண தாள நீட்டுனாங்க, "1028 பெண்களுக்கு போட்டு சோதிச்ச வகை ஊசி"ன்னு பெரிய எழுத்துல. அக்கா அந்த நம்பர் மேல விரல வச்சிட்டு என்னை பாத்தாங்க. கீமோவுல நகம் கறுத்துப்போன விரல். எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

ஆறு ஊசி 18,000 வெள்ளி, பாதிய அன்னைக்கே கட்டணுமாம். இது புது மருந்த ஆளுங்களுக்கு போட்டு சோதிக்கிற டிரையலான்னு கேட்டா ஆமான்னாங்க, அப்ப சம்மத பாரம் எங்க, சோதனை நியாயமா நடக்குதான்னு பாக்கிற எத்திக்ஸ் கமிட்டி எது, என்எம்ஆர்ஆர் (மலேசியாவோட மருத்துவ ஆராய்ச்சி பதிவேடு) பதிவு நம்பர் என்னன்னு கேட்டதுக்கு ரசீது புக்க தவிர ஒண்ணும் வெளிய வரல.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். அந்த 1028 பொய் இல்லங்க, அதான் வயிறு எரியுது. கனடாவுல பயோமிரா கம்பெனி செஞ்ச தெராடோப்னு ஒரு மருந்து. கேன்சர் செல்லு மேல இருக்கிற சியாலில் டிஎன்ங்கிற சர்க்கரைய லேப்ல செயற்கையா செஞ்சு, அத மட்டும் போட்டா உடம்பு கண்டுக்காதுன்னு ஒரு வகை கடல் நத்தையிலருந்து எடுத்த கேஎல்எச் புரதத்தோட ஒட்டிட்டாங்க. நோய் பரவுன அந்த 1028 பெண்கள்ல பாதி பேருக்கு அது, மீதி பேருக்கு வெறும் கேஎல்எச், யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. உடம்புல அந்த சர்க்கரைய எதிர்க்கிற ஆன்டிபாடி நல்லாவே வந்துச்சு. ஆனா 2003ல ரிசல்ட் வந்தப்ப நோய் வளர்றதும் தள்ளிப்போகல, ஆயுளும் கூடல. அப்புறம் தைவான் கம்பெனி ஒண்ணு குளோபோ எச்ங்கிற வேற சர்க்கரைய வச்சு 349 பேர்கிட்ட சோதிச்சுது, அதுலயும் மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல. ஆன்டிபாடி நல்லா வந்தவங்களுக்கு மட்டும் நோய் தாமதமா வளர்ந்துச்சாம், ஆனா அவங்க முன்னாடியே தெம்பா இருந்தவங்களா கூட இருக்கலாம்ல.

அந்த பெண்கள் எல்லாம் விஷயம் தெரிஞ்சு கையெழுத்து போட்டு உடம்ப கொடுத்தவங்க. அவங்க நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு முடிவ மறைச்சு எங்க அக்காகிட்ட விக்க வந்தத என்னால மன்னிக்க முடியல.

காசு கட்டல. திரும்பி வர்றப்ப அக்கா கார்ல ஒரு வார்த்தை பேசல. நேத்து அவங்களே ஆஸ்பத்திரி மிஸ்ஸிக்கு (நர்ஸ்) போன் போட்டு, தனக்கு பொருந்துற மாதிரி நெசமான டிரையல் எதாச்சும் இருக்கான்னு கேட்டிருக்காங்க. வியாழக்கிழமை ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு டாக்டர பாக்க வர சொல்லியிருக்காங்க.