கைவினைப் பொருளுக்கு விலை வைக்கச் சொல்லித்தரும் இரண்டு நாள் வகுப்பு: ஒரு மதிப்புரை

கையால் தைத்த துணிப்பைகளைச் சந்தையில் விற்கிறவள் நான். யாராவது விலை கேட்டால், விலையைச் சொன்ன அதே மூச்சில், அவர் கேட்பதற்கு முன்பே, "கொஞ்சம் குறைத்துத் தரலாம்" என்றும் சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்காகவே கைவினைஞர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தேன். முதல் நாள் விலைக் கணக்கு, இரண்டாம் நாள் விற்பனைப் பேச்சு. செலுத்திய கட்டணத்துக்கு முதல் நாளே ஈடாகிவிட்டது.

அன்று காலை, ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களை எழுதித் தரச் சொல்லிவிட்டு, அதே பொருளை அங்கேயே முதலிலிருந்து செய்யவைத்தார்கள். நான் 2 மணி நேரம் என்று எழுதியிருந்தேன். துணியைத் தேய்த்தது, அளந்து வெட்டியது, கோணலாகப் போன ஜிப்பைப் பிரித்து மறுபடி தைத்தது, கடைசியில் பிசிறு நூல்களை நறுக்கியது எல்லாம் சேர்ந்து 3 மணி 10 நிமிடம் ஆனது. விடுபட்டுப்போன அந்த 70 நிமிடங்களுக்கு இத்தனை நாளும் நான் கூலியே வாங்கவில்லை என்பது கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

தள்ளுபடியைப் பற்றிய கணக்கும் அதே அளவுக்குப் பயன்பட்டது. விற்பனை விலை 100, கூலியும் கடை வாடகையும் சேர்ந்த அடக்கவிலை 60 என்று வைத்துக்கொண்டால் லாபம் 40. வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று 20 சதவீதம் குறைத்தால் லாபம் 20 ஆகச் சுருங்கிவிடுகிறது. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு பைகளைத் தைத்தாக வேண்டும். இயந்திரத்தில் அச்சடிக்கும் பொருளென்றால் பரவாயில்லை, இரண்டு கைகளுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்?

அடக்கவிலையை இரண்டால் பெருக்கினால் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை, அதை மறுபடி இரண்டால் பெருக்கினால் சில்லறை விலை என்ற சூத்திரத்தை எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்பதுபோல் கையேட்டில் அச்சிட்டிருப்பதுதான் எனக்குள்ள பெரிய குறை. கடைகளுக்கும் மொத்தமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு அந்த இடைவெளி தேவை; அது இல்லாவிட்டால் கடைக்காரரின் பங்கு போக நமக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே. ஆனால் நாள்கணக்கில் உட்கார்ந்து பின்னல் வேலை செய்பவரின் கூலியையும் நான்கால் பெருக்கினால், அந்த விலைக்கு வாங்க ஆள் வருவது அரிது. பக்கத்து இருக்கையிலிருந்த பெண் இதைக் கேட்டபோது, "உங்கள் சந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

இரண்டாம் நாள் பாதி பயன், பாதி வெட்டிப் பேச்சு. தன்னம்பிக்கை பற்றிய ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவைத் தவிர்த்திருக்கலாம். அன்புக்குரியவர்களுக்குப் பரிசளிக்க வாங்குவோர் கையால் செய்த பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்று காட்டும் 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றைச் சொல்லி, "யாருக்காக வாங்குகிறீர்கள்?" என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்கச் சொன்னது நல்ல யோசனை. ஒத்திகையில் பயிற்றுநரே வாடிக்கையாளராக வந்து, "இதே பை கடையில் பாதி விலைக்குக் கிடைக்குமே" என்றார். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தரப்பட்ட ஒரே வேலை. முதல் முறை தோற்றேன். மூன்றாம் முறை, அவர் பேசும்வரை பையின் உட்புறத்தைத் திருப்பி உள்துணித் தையலைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த சந்தையில் அப்படியே செய்தபோது ஒருவர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். இன்னொருவர் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்ன விலைக்கே வாங்கினார்.

சேர நினைப்பவர்கள், தைத்து முடித்த பொருளை மட்டும் எடுத்துச் செல்லாமல், வெட்டாத துணியையும் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாமல் வந்த நான்கு பேர் முதல் நாள் முழுவதும் வேடிக்கைதான் பார்த்தார்கள்.