பழைய காருக்குக் கையுறையா, கவரா, வெறுங்கையா?

பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் கையுறை போட்டு ஓட்டினால் அது பெரும்பாலும் பந்தாவுக்குத்தான். பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவருக்கு விஷயம் வேறு. அந்த ஸ்டீயரிங் பெரியது, ஆனால் பிடிக்கும் வளையம் மெலிசு. முழுக்கக் கை பலத்தில் திருப்ப வேண்டிய வண்டி என்பதால்தான் அவ்வளவு அகலம். வளையமோ கெட்டியான, வழவழப்பான பொருள். சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தொட முடியாது. தொட்டு ஓட்ட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வியர்வையில் வழுக்கும்.

இதற்கு நம் ஊரில் எல்லோரும் முதலில் வாங்குவது ஸ்டீயரிங் கவர். என் வரிசையில் அதுதான் கடைசி. கடைகளில் தொங்கும் கவர்கள் பெரும்பாலும் இன்றைய கார்களின் சிறிய, தடித்த ஸ்டீயரிங்குக்குச் செய்தவை. பழைய வளையத்தில் ஒன்று ஏறாது, ஏறினாலும் தொளதொளவென்று கிடக்கும். வளைவில் கவர் மட்டும் கையோடு சுழன்று, ஸ்டீயரிங் நின்ற இடத்திலேயே நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வளையத்தோடு சேர்த்து இறுக்கமாகத் தோல் தைத்துத் தரும் ஆள் கிடைத்தால் அது வேறு கதை.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் வெயிலுக்குப் போடும் பருத்திக் கையுறை சூட்டைத் தடுக்கும், அவ்வளவுதான். வழவழப்பில் துணி சறுக்கும். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த ரகம் கொஞ்சம் தேவலை. பைக் கையுறை வேண்டவே வேண்டாம். கீழே விழுந்தால் கை பிழைக்க வேண்டும் என்று தைத்தது அது. அந்தத் தடிமனோடு, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

மிஞ்சுவது மெல்லிய தோல் கையுறை. தோல் வழுக்காமல் பிடித்துக்கொள்வதால் வளையத்தை நெரிக்க வேண்டியதில்லை, முன்கையும் சீக்கிரம் களைக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கை மாற்றி மாற்றிச் சுற்றும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆட்டுத்தோலாகப் பாருங்கள், மெலிசாகவும் இருக்கும், உழைக்கவும் செய்யும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுச் சரக்குக்கு ஏங்க வேண்டாம். சென்னைக்காரர்கள் முதலில் பெரியமேட்டில் விசாரிக்கலாம். உள்ளே துணி லைனிங் இருந்தால் விட்டுவிடுங்கள், அது தனியாக நழுவும். விரல் முட்டிகளின் மேல் இருக்கும் ஓட்டைகள் அழகுக்காக மட்டும் இல்லை. கை மடங்கும்போது தோல் இழுத்துப் பிடிக்காமல் இருக்கவும் காற்று போகவும் அவை வேண்டும். நம் வெயிலுக்கு அரைவிரல் ரகமே சரி, விரல் நுனியால் சுவிட்சையும் சாவியையும் தொட்டு உணரலாம். குறை என்றால் பராமரிப்புதான். வியர்வையில் ஊறிய தோல் காய்ந்தால் விறைக்கும். டாஷ்போர்டு மேல் வெயிலில் போட்டால் சீக்கிரமே வெடித்துவிடும்.

இத்தனை சொன்னாலும், நகரத்துக்குள் என் ஓட்டு வெறுங்கைக்குத்தான். அம்பாசிடரின் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் (சிறு பல்சக்கரம் ஒரு பல் தண்டை நகர்த்திச் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு) சாலையில் நடப்பதை நேராகக் கைக்குக் கொண்டுவரும். முன் டயரில் காற்று குறைந்தாலும் அலைன்மென்ட் போனாலும் உள்ளங்கைக்கு முதலில் தெரிந்துவிடும். மடியில் ஒரு துண்டு இருந்தால் வியர்வைக்குப் போதும். வண்டியை நிறுத்தும்போது அதையே ஸ்டீயரிங் மேல் போட்டுவிட்டு இறங்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டைவிரலை வளையத்துக்குள் கோத்துப் பிடிக்காதீர்கள். பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி, குறுக்குக் கம்பி விரலில் அடிக்கும். தோல் கையுறை போட்டவர்களுக்குப் பிடிமானம் தரும் தைரியத்தில் இந்தப் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம், மலை ஏறி வண்டி சூடானால் அந்தக் கையுறையோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போகாதீர்கள். கொதிக்கும் தண்ணீரை அந்த மெல்லிய தோல் தாங்காது. இன்ஜின் ஆறட்டும், பிறகு தடிமனான துணியால் பிடித்துத் திறக்கலாம்.