கவுட்டா, போலி கவுட்டா?

ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த மூட்டு, விடிவதற்குள் சிவந்து வீங்கிவிடுகிறது. போர்வை உரசினாலே உயிர் போகிறது. மறுநாள் ரத்தத்தில் யூரிக் அமிலம் பார்க்கிறார்கள். அளவு கொஞ்சம் ஏறியிருந்தால் 'கவுட்' என்று முடிவாகிவிடுகிறது. இந்த அவசரம்தான் எனக்கு உறுத்தல். இதே சிவப்பு, இதே வீக்கத்தோடு வருகிற இன்னொரு நோய் உண்டு. அதற்குப் பேரே போலி கவுட், அதாவது சூடோகவுட்.

இரண்டிலும் மூட்டுக்குள் நுண்ணிய படிகங்கள் இருக்கும். வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கப் போய்ப் பெரிய அழற்சியைக் கிளப்பிவிடும். ஆனால் படிகம் வேறு வேறு. கவுட்டில் அது யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைந்து நிற்க முடியாமல் மெல்ல மெல்லப் படியத் தொடங்குகிறது. போலி கவுட்டில் கால்சியம் பைரோபாஸ்பேட். இது குருத்தெலும்புக்குள்ளேயே உருவாவது. உணவில் கால்சியத்தைக் குறைத்தால் போய்விடும் என்று நினைத்துப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

கவுட் பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில்தான் முதலில் தாக்கும். நடுவயது ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு. போலி கவுட் பெரும்பாலும் 60 வயதுக்கு மேல், முழங்காலிலோ மணிக்கட்டிலோ வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, வேறு நோயோடு படுத்திருக்கும்போதோ திடீரெனக் கிளம்புவதும் உண்டு. ஆனால் கவுட்டும் முழங்காலுக்கு வரும். எனவே இடத்தையும் வயதையும் வைத்து ஊகிக்கலாமே தவிர, முடிவு கட்டக் கூடாது.

யூரிக் அமில அளவும் அப்படித்தான். வலி உச்சத்தில் இருக்கும்போது கவுட் நோயாளிக்கே அது சரியான அளவு காட்டலாம். அளவு கூடியிருந்தும் வாழ்நாள் முழுக்க கவுட் வராதவர்களும் ஏராளம்.

சந்தேகத்தைத் தீர்ப்பது மூட்டு நீர். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, துருவ ஒளி நுண்ணோக்கியில், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியில், பார்ப்பார்கள். யூரேட் இரண்டு முனையும் கூர்ந்த ஊசி மாதிரி பளிச்சென்று தெரியும். கருவியின் அச்சுக்கு இணையாக இருந்தால் மஞ்சள், குறுக்கே கிடந்தால் நீலம். பைரோபாஸ்பேட் கட்டையான சாய்சதுரம், மங்கலாகத்தான் மினுங்கும். நிறமும் நேர்மாறு, இணையாக இருந்தால் நீலம். 1961-இல் அமெரிக்க மருத்துவர்கள் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும் கவுட் மூட்டு நீரில் யூரேட்டை இப்படி அடையாளம் காட்டினார்கள். அந்தத் தேடலில்தான், கவுட் போலவே தெரிந்த சிலருக்கு வேறு படிகம் இருப்பது பிடிபட்டது. 'போலி' என்ற பேர் அதனால் வந்தது, வலியில் போலித்தனம் எதுவும் கிடையாது.

எக்ஸ்-ரேயும் ஓரளவு உதவும். போலி கவுட்டில் முழங்கால் குருத்தெலும்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியலாம். ஆனால் வலியே இல்லாத முதியவர்களுக்கும் அந்தக் கோடு இருக்கும்.

சரி, பேர் எதுவானால் என்ன? வலி நேரத்தில் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான்: வலி நிவாரணி, கோல்ச்சிசின், ஸ்டீராய்டு. சிறுநீரகத்தைப் பொறுத்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். வித்தியாசம் அதற்கப்புறம்தான். அடிக்கடி தாக்கும் கவுட்டுக்கு அலோபியூரினால் போன்ற மருந்தால் யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால், பழைய படிகங்களும் கரையும். போலி கவுட் படிகத்தைக் கரைக்க இன்னும் மருந்தில்லை. அங்கே அலோபியூரினால் வருடக்கணக்கில் வீணாகத்தான் போகும். அதே சமயம், 60 வயதுக்குள் போலி கவுட் வந்தவருக்கு பாராதைராய்டு (கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள்) மிகைச் சுரப்பு, மெக்னீசியக் குறைவு, உடலில் இரும்பு தேங்கும் நோய் ஆகியவை இருக்கின்றனவா என்று தேட வேண்டும். 'கவுட்' என்று எழுதிவிட்டால் இந்தத் தேடல் நடக்கவே நடக்காது.

இன்னொன்று, கிருமித் தொற்றால் வீங்கும் மூட்டும் பார்க்க இப்படியே இருக்கும். சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும். படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் எடுத்த நீரில் படிகம் தெரிந்துவிட்டாலும், கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.