சதுர அடி ரேட்டா, லேபர் கான்ட்ராக்டா?

வீடு கட்டப் பூமி பூஜைக்கு நாள் குறித்ததுமே எல்லார் வீட்டிலும் எழும் கேள்வி இது. பொருளோடு சேர்த்து சதுர அடி ரேட்டில் மொத்தமாக விடுவதா, பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் பேசுவதா? நான் மொத்தமாக விட்டேன். என் மச்சான் லேபர் கான்ட்ராக்டில் கட்டினார். இரண்டு பேருக்கும் கை கடித்தது. கடித்த இடம்தான் வேறு.

சதுர அடிக்கு 2,200 என்றார் ஒரு பில்டர், 2,450 என்றார் இன்னொருவர். குறைந்ததைப் பிடித்தேன். அந்த 2,200-க்குள் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, காம்பவுண்டு சுவர் இல்லை. தரைமட்டத்துக்கு மேல் எழுப்பும் பேஸ்மென்ட் இரண்டு அடிக்கு மேல் போனால் தனிக் காசு. போர்டிகோவையும், மொட்டை மாடியில் படிக்கு மேல் கட்டும் ஹெட்ரூமையும் முழு அளவாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் கூட்டிப் பார்த்தால், சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் சேர்த்து 2,450 சொன்னவரே மலிவு!

அதனால் ரேட்டை ஒப்பிடும் முன் ஒரே தாளை எல்லா பில்டருக்கும் கொடுங்கள். எந்த கம்பெனிக் கம்பி, எந்த சிமென்ட், கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்20-யா, டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரை, ஒரு அறைக்கு எத்தனை பிளக் பாயிண்ட், எதெல்லாம் அளவில் சேரும் என்று அதில் இருக்க வேண்டும். 'தரமான பொருள்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். பணத்தையும் அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப் என்று வேலை முடிந்த பிறகே கொடுக்கிற மாதிரி பேசுங்கள். வங்கிக் கடனும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

மச்சான் கதை வேறு. வீட்டில் போன ஒவ்வொரு கம்பியும் அவருக்குத் தெரியும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ வர வேண்டும் என்று எடை போட்டுப் பார்த்தார். எம்-சாண்ட் லாரி வந்தால் டேப்பைப் பிடித்து அளந்தார். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வரியிலும் லாபம். தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்துச் செய்யும் பதிவு பெற்ற கான்ட்ராக்டர் என்றால் 18 சதவீதம். (பொருளுக்கான வரியைக் கடையில் கட்டத்தான் வேண்டும்.)

ஆனால் காலை ஆறரைக்கு சைட்டில் நின்றாக வேண்டும். ஜல்லி வரத் தாமதமானால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ரூஃப் போட்டதும் மேஸ்திரி வேறு சைட்டுக்கு நழுவினார், மூன்று வாரம் ஆளைக் காணோம். மீந்த கலவை மாலையில் குப்பையோடு போகும். சிமென்ட் அவர் காசு இல்லையே. மொத்த கான்ட்ராக்டர் பொருளில் மிச்சம் பிடிப்பார், லேபர் கான்ட்ராக்டர் நேரத்தில் மிச்சம் பிடிப்பார்.

இரண்டிலும் யாரும் கவலைப்படாத வேலை ஒன்று உண்டு: போட்ட கான்கிரீட் நன்றாக இறுக, அதற்குத் தண்ணீர் அடிப்பது. சாதா சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த பிபிசி சிமென்ட் என்றால் 10 நாள். யார் பொறுப்பு என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவதாக ஐட்டம் ரேட் இருக்கிறது. கான்கிரீட் கன அடிக்கு இவ்வளவு, பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, செய்த வேலையை அளந்து பணம் கொடுப்பது. நடுவில் ஒரு சுவரை மாற்றினாலும் சண்டை வராது. அளக்க உங்கள் சார்பில் தனி இன்ஜினியர் வேண்டும், அது கூடுதல் செலவு. ஆபீஸ் போகிற ஆளான நான் மறுபடி கட்டினால் இதைத்தான் எடுப்பேன்.

மச்சான் இப்போது மாடி எடுக்கப் போகிறார். மறுபடியும் லேபர்தானாம். அவருக்கென்ன, போன ஜூனில் ரிட்டையர் ஆகிவிட்டார்.