ஆற்று வண்டலின் நஞ்சைக் கண்டறிய: ரத்தப்புழுவா, மேஃப்ளையா?

ஆற்று நீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காக ஆறு நலமாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. காட்மியம், ஈயம், பூச்சிக்கொல்லி எச்சம் எல்லாம் அடி வண்டலில் ஒட்டிக்கொள்ளும். வேதிச் சோதனையில் அவற்றின் அளவு தெரியும். ஆனால் அதில் எவ்வளவு உயிருக்குள் போகிறது என்று தெரிய, அந்தச் சேற்றிலேயே வாழும் பூச்சியைத்தான் கேட்க வேண்டும்.

ஆய்வகங்கள் அதிகம் நம்புவது கைரோனமஸை. கொசு போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சி அது; மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ரத்தப்புழு என்பார்களே, அதுதான் அதன் புழு. ஆய்வகத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் சில வாரங்களிலேயே சிறகு முளைத்துப் பறந்துவிடும். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்ஸிஜன் குறைந்தாலும் தாங்கும். அந்தத் தாங்கும் குணம்தான் எனக்கு உறுத்தல்: புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து, வண்டலில் சிக்கல் இல்லை என்று நாம் நினைத்துவிடுவோம்.

மேஃப்ளை என்பது நீரில் வளர்ந்து, பிறகு சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சி. அதில் ஹெக்ஸாஜீனியா என்ற வகையின் இளம்பருவம் சேற்றில் 'யு' வடிவ வளை தோண்டி, செவுள்களை அசைத்து நீரை உள்ளே இழுக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் தாங்காது. 1953இல் வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் கூட்டம் கூட்டமாக மடிந்து, 1990களில்தான் திரும்பி வந்தது. இவ்வளவு நுட்பமான சாட்சி கிடைப்பது அரிது. சிக்கல் என்னவென்றால், பீக்கரில் அது செத்தால் காரணம் நஞ்சா, ஆக்ஸிஜன் குறைவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். வளர ஓராண்டு, ஈராண்டு ஆகும் என்பதால் முட்டைக்கும் ஆற்றையோ ஏரியையோதான் நாட வேண்டும்.

சரி, எதை எடுப்பது? ஒரே ஒரு சோதனைக்குத்தான் வசதி என்றால் கைரோனமஸ் போதும். ஆனால் 10 நாளில் நிறுத்தாதீர்கள். அதில் பிழைத்தவற்றின் எண்ணிக்கையும் எடையும் மட்டும்தான் கிடைக்கும். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை நெறிமுறை 218 (2004) 28 நாள் காத்திருந்து, எத்தனை பூச்சி எப்போது சிறகு முளைத்து வெளிவந்தது என்று எண்ணுகிறது. புழுவாகப் பிழைத்து, பூச்சியாக முடியாமல் போனவை அப்போதுதான் கணக்கில் வரும். ஓரளவு நல்ல ஆற்றில் மெல்லிய பாதிப்பைத் தேடும்போது மேஃப்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டிலும் தீனியில் கவனம் வேண்டும். குறைந்தால் பட்டினி, கூடினால் அழுகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். நெறிமுறை 218இன்படி, ஒப்பீட்டுக்கு வைக்கும் சுத்தமான வண்டலிலேயே 70 சதவீதமாவது பூச்சியாக வெளிவராவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.